ஒரு துறைமுகத்துக்கு மூன்று பெயர்கள்

"பேருகளை எப்பிடி அடுக்கினா என்ன அன்ரி, எல்லாம் இருக்குத்தானே?" என்று நிரோஷா கேட்டாள்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, மீன்பிடிப் படகுகளுக்குக் காலநிலை எச்சரிக்கை வாசிக்கும் வானொலி அறையில் என் கதிரையில் இருக்கிறவள் அவள். கெட்டிக்காரி. போன மாதம் என் வீட்டு விறாந்தைக்கு வந்து தன் கைப்பேசியை நீட்டினாள். இனிமேல் எச்சரிக்கை கடலில் நிற்கிறவனின் கைப்பேசிக்கே போகுமாம். காற்று எழும்பினால் எங்கே ஒதுங்கலாம் என்று திரை காட்டுமாம். தமிழ்ப் பெயர்கள் சரியா என்று நான் பார்த்துச் சொன்னால் போதுமாம்.

பெயர்கள் சரியாகத்தான் இருந்தன. வடக்கு என்ற இடத்தைத் தொட்டால் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை, கொக்கிளாய் என்று ஐந்தும் வரிசையாக விரிந்தன. துறைமுகம் என்ற இடத்தைத் தொட்டால் துறைமுகம் என்று ஒரு பெயர் மட்டும் வந்தது. "இதை இப்பிடி விடாதை" என்று கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன். அவள் பயந்துபோனாள். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். வாயால் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் சில மாதங்கள் பயிற்சி தந்தார்கள். மைக்கைக் கடித்துவிடுகிற மாதிரிப் பிடிக்கக்கூடாது என்பதைத் தவிர அங்கே படித்த எதுவும் நினைவில் இல்லை. மற்ற எல்லாவற்றையும் ஹனீபா சேரிடம்தான் படித்தேன். குறிஞ்சாக்கேணிக்காரர், எங்கள் அறைக்குப் பொறுப்பதிகாரி. குரலை உயர்த்தியே பேசமாட்டார். அதனால் அவருக்கு நாங்கள் இன்னும் கூடப் பயந்தோம்.

எச்சரிக்கை வாசிப்பதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் காது கொடுக்க வேண்டும்; யாராவது பேசிக்கொண்டிருந்தால் முடியும்வரை பொறுக்க வேண்டும். மைக்கை அமுக்கி, ஒரு மூச்சு விட்டு, பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அமுக்கியவுடன் பேசினால் முதற்சொல் வெட்டுப்பட்டுப் போகும். இடப்பெயர் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். படகின் இரைச்சலில் ஒருதரம் கேட்டது பாதிதான் விளங்கும் என்பார். வாசித்து முடித்ததும் அவர் வந்து தாளின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துவிடுவார். நான் அடுத்த வேலையைப் பார்க்கக்கூடாது. பேசாமல் இருந்து கடல் என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும்.

"வாசிக்கிறது பாதி வேல, தங்கச்சி. மத்தப் பாதி இதுதான்."

இன்னொரு சட்டமும் இருந்தது. புத்திமதி சொல்லக்கூடாது. புதிதில் ஒருநாள், காற்றுக் கடுமையாக இருந்தபோது, எழுதி வந்ததை வாசித்துவிட்டு "இண்டைக்கு ஒருத்தரும் போகாதேங்கோ" என்று என்பாட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். சேர் ஏசவில்லை. என்னை யன்னலடிக்குக் கூட்டிப்போனார்.

"புல்மோட்டைக் கடல் இப்ப எப்பிடி இருக்கு, தங்கச்சி?"

"இங்க இருந்து எப்பிடித் தெரியும் சேர்?"

"அதான் சொல்றன். கடல்ல நிக்கிறவன் முடிவெடுப்பான். நாங்க அறைக்குள்ள இருந்து வாசிக்கிற ஆக்கள்."

நான் சொன்ன வரி பிழை என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னதும் பிழையில்லை. அந்தக் கடுப்போடுதான் அத்தனை வருடமும் வேலை செய்தேன்.

காலப்போக்கில் மீனவர்களுக்கு நான் 'ரேடியோ அக்கா' ஆகிவிட்டேன். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது, குரல் தெரியும். யார் மனைவியோடு சண்டை பிடித்துக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறான் என்பதுகூடத் தெரியும். கேட்டுக்கேட்டே எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நகரத்துக்கு வடக்கே சல்லியில் சில குடும்பங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுப் படகுகள் காற்றுக்கு ஒதுங்கும்போது ஒரே இடத்தில் ஒதுங்கக்கூடாது. போனால் எல்லாம் ஒன்றாகப் போய்விடும் என்ற பயம். அதிலும் யோகம்மா வீட்டில் அந்த வழக்கத்தைச் சாமிக்கு வைத்த நேர்த்தி மாதிரிக் காத்தார்கள். யோகம்மாவின் புருஷனும் அவருடைய தம்பியும் ஒரு மாரியில் தங்கள் படகுகளை ஒரே இடத்தில் கட்டிவிட்டு அதற்குள்ளேயே படுத்தவர்கள். விடிய இரண்டு படகும் இல்லை, இரண்டு ஆட்களும் இல்லை. அதற்குப் பிறகு அவர் தன் மூன்று ஆண்பிள்ளைகளையும் முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கினார். ஒதுங்குவதென்றால் மூன்று பேரும் மூன்று இடம்.

என் காதில் விழுந்தது என்னவென்றால், அவர்கள் பங்கு போட்டது நான் வாசிக்கும் பெயர்களை. மேலிடத்திலிருந்து வரும் தாளில் வடக்கே ஐந்து பெயரும் துறைமுகம் என்று ஒரு பெயரும் இருந்தால், மூன்று படகில் இரண்டு வடக்கே போகும், ஒன்று துறைமுகத்துக்கு வரும். ஒருதரம் தாளில் இடம் போதாமல் 'வடக்குக் கரை, துறைமுகம், மூதூர்' என்று சுருக்கி அனுப்பியிருந்தார்கள். அன்றைக்கு வடக்கே ஒன்றுதான் போனது. அதே ஆட்கள், அதே கடல், அதே காற்று. சேரிடம் சொன்னேன். "அது அவங்கட விருப்பம்" என்று முடித்துவிட்டார்.

எனக்கு மனம் ஆறவில்லை. எங்கள் அலுவலகத்தில் யாராவது இடம்மாறிப் போனால் தேநீர் விருந்து வைப்போம். ரோல்ஸ் ஒரு தட்டு, பட்டிஸ் ஒரு தட்டு, கட்லட் ஒரு தட்டு, பழங்கள் எல்லாம் கலந்து ஒரு தட்டு. ஆட்கள் தட்டுக்கு ஒன்று எடுப்பார்கள். பழம் எப்போதும் மிஞ்சும். அடுத்த விருந்தில் நான் சாமான் ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வாழைப்பழம், அன்னாசி, பப்பாசி என்று பழத்தை மூன்று தட்டாக்கி, எண்ணெய்ப் பலகாரம் முழுவதையும் ஒரு பெரிய தட்டில் குவித்தேன். பழம் முடிந்துபோயிற்று, ரோல்ஸ் மிஞ்சியது. சேர் கையில் அன்னாசித் துண்டோடு நின்று மேசையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நான் சொல்ல வந்த நாள் ஒரு கார்த்திகையில் வந்தது.

தாழமுக்கம் ஒன்று கடலில் நிற்கிறது, தெற்கே மட்டக்களப்புப் பக்கம் கரை கடக்கும் என்று மத்தியானம் தாள் வந்தது. ஒதுங்கும் இடங்கள் வழக்கம்போல ஆறு பெயர்: வடக்கே ஐந்து, பிறகு துறைமுகம். தெற்கே போகிற காற்றுக்கு வடக்குக் கரை நல்ல இடம்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசித்தேன். சேர் தாளில் கையை வைத்தார். கடல் பதில் சொல்லத் தொடங்கியது. யோகம்மாவின் மூத்தவன் தவத்தின் குரலும் வந்தது. எப்போதும் நிதானமாகப் பேசுகிறவன்.

"ரூபன், நீ துறைமுகத்துக்குப் போ. கண்ணன் இறக்கக்கண்டிக்குப் போகட்டும். நான் புல்மோட்டைக்குப் போறன். ஓவர்."

தூரமான இடத்தை எப்போதும் தவம்தான் எடுப்பான்.

பின்னேரமாகும்போது தொலைபேசி அடித்தது. சேர் எடுத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறியது. தாழமுக்கம் திரும்பிவிட்டது. எங்களுக்கு வடக்கே, புல்மோட்டைப் பக்கமாகக் கரை ஏறப் போகிறது. கடும் காற்று இருட்டுவதற்குள் வந்துவிடும்.

"ஒதுங்குற இடங்கள மாத்தித் தாங்க" என்று சேர் கேட்டார். மறுபக்கத்தில் என்ன சொன்னார்களோ தெரியாது. "அனுப்புவம் எண்டு சொல்றாங்க" என்று தொலைபேசியை வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் வரவில்லை. திரும்ப எடுத்தால் லைன் இல்லை, சேரின் கைப்பேசியிலும் மேலிடம் கிடைக்கவில்லை.

வெளியே காற்று ஊதத் தொடங்கியிருந்தது. யன்னலுக்கு வெளியே, மேல்கூரையின் கீழ், சனம் கூடிவிட்டது. காற்றென்றால் கடலுக்குப் போனவர்களின் வீட்டுப் பெண்கள் எங்கள் யன்னலடிக்கு வருவார்கள். அங்கே நின்றால் ரேடியோ கேட்கும். யோகம்மா கம்பியைப் பிடித்தபடி முன்னால் நின்றார். சேலைத் தலைப்பு நனைந்து தோளில் ஒட்டியிருந்தது.

என் முன்னால் புதிய காற்றுச் செய்தியும் பழைய ஆறு பெயரும் இருந்தன. செய்தியை மட்டும் மாற்றி அந்த ஆறையும் அப்படியே வாசித்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். காற்று வடக்கே வருகிறது என்று கேட்டாலும், பெயர்களில் ஐந்து வடக்கே இருக்கிறவரை, மூன்று படகுக்காரன் ஒன்றை என்றாலும் அங்கே அனுப்பத்தான் போகிறான்.

"சேர், நான் பேருகளை வேற மாதிரிச் சேர்த்து வாசிக்கட்டோ?"

"எப்பிடி?"

"துறைமுகத்தைப் பிரிச்சு, கொட்பே, சீனக்குடா, கிண்ணியா எண்டு மூண்டாச் சொல்லுறன். வடக்கை ஒண்டாச் சொல்லுறன்."

அவர் என்னையே பார்த்தார். "அண்டைக்குப் பழத்துக்குச் செஞ்ச வேலையா?"

"ஓம் சேர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுதி வந்ததில் ஓர் எழுத்துக்கூட மாற்றவிடாத மனிதர் அவர்.

"பொய் ஏதும் இருக்கா?"

"இல்லை. மூண்டும் படகு கட்டுற இடம்தான்."

"எந்த இடத்தையாவது விடுறீங்களா?"

"இல்லை சேர். வடக்கையும் சொல்லுவன். நிலாவெளியில இருந்து கொக்கிளாய் வரைக்கும் எண்டு சொல்லுவன்."

"போ, வா எண்டு சொல்லப்படாது."

"சொல்லமாட்டன்."

"அப்ப வாசிங்க, தங்கச்சி. நான் சொல்லித்தான் வாசிச்சீங்க."

மைக்கை அமுக்கினேன். ஒரு மூச்சு விட்டேன். தாழமுக்கம் திரும்பியதைச் சொன்னேன். பிறகு சொன்னேன்: "ஒதுங்கும் இடங்கள். கொட்பே, கொட்பே. சீனக்குடா, சீனக்குடா. கிண்ணியாப் பாலத்தடி, கிண்ணியாப் பாலத்தடி. வடக்குக் கரை, நிலாவெளியிலிருந்து கொக்கிளாய் வரை. வடக்குக் கரை, நிலாவெளியிலிருந்து கொக்கிளாய் வரை." முழுவதையும் இன்னொருதரம் வாசித்தேன். சேரின் கை தாளில் வந்து விழுந்தது.

கடல் இரைந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் குரல்கள் வந்தன. ஒருவன் கொட்பே என்றான். இன்னொருவன் தன் மச்சானைச் சீனக்குடாவுக்கு வரச்சொன்னான். வடக்கே திரும்பியிருந்த இரண்டு பேர் கிண்ணியா என்றார்கள். பிறகு யோகம்மாவின் நடுப்பிள்ளை ரூபன் வந்தான்.

"அண்ணை, நான் கொட்பேக்குப் போறன். கண்ணன் சீனக்குடாக்கு வரட்டும். நீங்கள் கிண்ணியாக்கு வாங்கோவன். ஓவர்."

தவம் பதில் சொல்வதற்குள் இளையவன் கண்ணன் குறுக்கே வந்தான். எதையும் தோண்டித் துருவாமல் விடமாட்டான்.

"ரேடியோ அக்கா, கொட்பேயும் சீனக்குடாவும் கிண்ணியாவும் ஒரே துறைமுகம்தானே? ஒரே தண்ணிதானே? ஓவர்."

அந்த நேரத்தில் அவனைப் பிடித்துக் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல் இருந்தது. சேரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் அசையவில்லை. தலையாட்டவும் இல்லை. 'வேற வேற தண்ணி' என்று ஒரு சொல் சொன்னால் மூன்று பேரும் உள்ளே வந்துவிடுவார்கள். அந்தச் சொல் என் நாக்கு நுனிவரை வந்தது.

"ஓம் தம்பி. மூண்டும் ஒரே துறைமுகம். ஒரே தண்ணி. மூலைதான் வேற. ஓவர்."

நான் பயந்ததுதான் வந்தது.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் உள்ளுக்குப் போங்கோ" என்றான் தவம். "நான் புல்மோட்டைக்கே போறன். ஒராளெண்டாலும் வேற தண்ணியில நிக்க வேணும். அம்மாக்கு ஒரு பிள்ளையெண்டாலும் மிஞ்ச வேணும். ஓவர்."

தான் மிஞ்சுவதற்காகப் போகிறேன் என்று சொல்கிறான், போகிற இடமோ காற்று வரப்போகிற இடம். அவனுக்கும் அது தெரியும். சத்தியத்தைக் காப்பாற்ற யாராவது போக வேண்டும், மூத்தவன் போகிறான், அவ்வளவுதான். 'போகாதை தம்பி' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. என் விரல் மைக்கில் இருந்தது. சேர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் அமுக்கவில்லை.

கதவு தட்டப்படவில்லை, திறந்தது. யோகம்மா உள்ளே வந்துவிட்டார். நேரே மைக்கை நோக்கித்தான் வந்தார். வெளியாட்கள் மைக்கில் பேசக்கூடாது என்பது கடும் சட்டம். சேர் இடையில் போய் நின்றார்.

"அம்மா, இதுல நீங்க கதைக்க ஏலாது. என்னட்டச் சொல்லுங்க. நீங்க சொல்ற மாதிரியே தங்கச்சி சொல்லுவா. ஒரு சொல்லுக் கூடாது, ஒரு சொல்லுக் குறையாது."

யோகம்மா அழவில்லை. என்னைப் பார்த்தார்.

"அந்தப் பேருகளை இன்னொருக்காச் சொல்லு பிள்ளை."

"கொட்பே, சீனக்குடா, கிண்ணியா, வடக்குக் கரை."

அவர் இடது கையை விரித்து, மூன்று விரலை ஒவ்வொன்றாக மடக்கினார். ஒவ்வொரு விரலையும் ஒரு பிள்ளையைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தார்.

"சொல்லு. கொட்பே ரூபனுக்கு. சீனக்குடா கண்ணனுக்கு. கிண்ணியா தவத்துக்கு. மூண்டு பிள்ளை, மூண்டு இடம். அம்மனுக்குக் குடுத்த சொல்லு மீறப்படேல்ல எண்டு அம்மா சொல்லுறா எண்டு சொல்லு."

ஒரு சொல் கூடாமல், ஒரு சொல் குறையாமல் சொன்னேன்.

ரேடியோ இரைந்துகொண்டே இருந்தது. பிறகு தவம் கேட்டான்.

"ஒரே தண்ணி எண்டு நீங்கள் சொன்னது அம்மாக்குக் கேட்டதோ, அக்கா? ஓவர்."

யோகம்மாவைப் பார்த்தேன். "கேட்டது எண்டு சொல்லு" என்றார்.

"கேட்டது எண்டு சொல்லுறா. ஓவர்."

யன்னலடியில் ஒரு பெண் முத்துமாரியம்மனை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"திருப்புறன்" என்றான் தவம்.

திருப்பினால் போதுமா? வடக்கே வெகுதூரம் போயிருந்தவன். காற்றைப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு வந்து, துறைமுகத்துக்குள் நுழையக் கோணேசர் மலையைச் சுற்ற வேண்டும். அந்த முனையில் கடல் கல்லில் அடித்துத் திரும்பி வந்து படகைத் தூக்கும். பழகியவர்களுக்கே ஈரல் நடுங்கும் இடம். ரூபன் முதலில் கொட்பேக்குள் வந்துவிட்டான். பிறகு கண்ணன் சீனக்குடாவிலிருந்து, கயிறு கட்டிவிட்டேன் என்று கூப்பிட்டான். தவத்தை நான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் பதில் சொன்னான். "மலை தெரியுது" என்றான். அதற்குப் பிறகு பதில் இல்லை.

கூப்பிடுவேன், விடுவேன், கேட்பேன். திரும்பக் கூப்பிடுவேன். மழை யன்னலில் அறைந்தது. யோகம்மாவுக்கு யாரோ கதிரை போட்டார்கள், அவர் உட்காரவில்லை. அவரைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. நான் வாசித்த பெயரை நம்பித்தான் அவன் அந்த முனைக்கு வருகிறான். புல்மோட்டைக்கே போயிருந்தால் ஒருவேளை தப்பியிருப்பானோ? ஏன் இதைத் தொட்டேன் என்று என்னையே திட்டினேன்.

சேர் தன் கைப்பேசியில் யாருடனோ பேசினார். கிண்ணியாவில் பாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய மச்சானின் வீடு. "பாலத்தில ஏறி நில்லுங்க மச்சான். வார போட்டையெல்லாம் பாருங்க. பேர் கேட்டுச் சொல்லுங்க" என்றார். பிறகு கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்காமலே நின்றார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மச்சான் ஏதோ ஒரு படகு வருகிறது என்றார், அது மூதூர்க்காரருடையது. இன்னொன்று வந்தது, அதுவும் இல்லை.

பிறகு சேர் கண்ணை மூடினார். கைப்பேசியை மெதுவாக மேசையில் வைத்தார். எங்களுக்குக் கற்பித்த அதே குரலில், இடப்பெயரை இரண்டு தரம் சொல்ல வேண்டும் என்ற அதே முறையில் சொன்னார்.

"கிண்ணியா, தவம். கிண்ணியா, தவம்."

அவனுடைய ரேடியோவுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அவ்வளவுதான். யோகம்மா அப்போதுதான் கதிரையில் உட்கார்ந்தார். நான் மேசையில் தலையை வைத்து அழுதேன். வேலை நேரத்தில் அழுதது அந்த ஒருதரம்தான்.

எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். வடக்குக் கரையில் படகுகள் உடைந்தன. நிலாவெளிக்காரர் ஒருவர், மத்தியானம் நான் வாசித்ததைக் கேட்டுக் குச்சவெளிக்குத் திரும்பியவர், வரவேயில்லை. பின்னேரம் நான் வாசித்தது அவருக்குக் கேட்டதா, கேட்டும் போனாரா என்று யாருக்கும் தெரியாது. அவருடைய குரல் எனக்கு நல்லாய்த் தெரியும். எச்சரிக்கை முடிந்ததும் "நன்றி அக்கா" என்று சொல்கிற ஒரே ஆள். அந்தச் சொல் வராத மௌனத்தை அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

எழுதி வந்ததை ஏன் மாற்றி வாசித்தீர்கள் என்று மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள். தான் சொல்லித்தான் வாசித்தாள் என்று சேர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குமேல் அதைப்பற்றி என்னிடம் ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு காற்று நாளில் துறைமுகத்தை நாங்கள் ஒரு பெயராக வாசித்ததே இல்லை.

நான் அவர்களை ஏமாற்றினேனா என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். பெயர்களைச் சேர்க்கவும் பிரிக்கவும் தெரிந்தவள் ஒருவனை நல்ல இடத்துக்கும் கொண்டுபோகலாம், கெட்ட இடத்துக்கும் கொண்டுபோகலாம், ஒரு பொய்கூடச் சொல்லாமல். அது எனக்கு இன்றைக்கும் பயம். அதனால்தான் கண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். அவன் கேட்டான், நான் உண்மை சொன்னேன், அவனுடைய அம்மா அதைக் கேட்டுக்கொண்டுதான் மூன்று விரலை மடக்கினார். மூன்று பிள்ளைகளையும் உள்ளே எடுக்க அவர் மனம் தவித்துக்கொண்டிருந்தது. வைத்த சத்தியம் விடவில்லை. ஒரு பெயர் இருந்த இடத்தில் மூன்று பெயர் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்கு அவர் வீட்டுக்குப் போக எழுந்ததை நான் மறக்கமாட்டேன். கதவடி வரை போனவர் நின்று, சேரிடம் திரும்பினார்.

"ஐயா, அந்தத் துறைமுகத்துக்குள்ள நாலாவதா ஒரு பேர் இருக்கோ?"

"ஏனம்மா?"

"தவத்தின்ர பெடியன் இருக்கிறான். இன்னும் கொஞ்ச வருசத்தில அவனும் சொந்தமா ஒரு போட்டு எடுப்பான்."

எழுதி வராத ஒரு சொல்லும் சொல்லாத ஹனீபா சேர் சொன்னார்.

"மட்கோ இருக்கு, அம்மா. மட்கோ."

யோகம்மா நாலாவது விரலை மடக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனார்.

நிரோஷா, உன் கேள்விக்கு இதுதான் பதில். துறைமுகம் என்ற ஒற்றைப் பெயரை எடுத்துவிடு. கொட்பே போடு, சீனக்குடா போடு, கிண்ணியா போடு. மட்கோவை மறந்துவிடாதே. தவத்தின் மகன் போன வருடம் சொந்தப் படகு எடுத்துவிட்டான்.